வெறுஞ் சுவர்களிடையே ஒலித்த பியானோ

லண்டன் மாநகருக்குச் செல்லும் எம்மவர் தவறாமற் சென்று பார்க்கும் இடங்களுள் ட்ரபல்கார் சதுக்கமும் ஒன்று. நெல்சன் தளபதியின் உயர்ந்த தூணையும், அதனடியிற் படுத்திருக்கும் நான்கு வெண்கலச் சிங்கங்களையும், நீர் சொரியும் தடாகங்களையும் கண்டு, அங்கே ஒரு புகைப்படமும் எடுத்துக்கொண்டு திரும்பாதவர் மிகச் சிலரே. நானும் முன்னொரு முறை அவ்வாறு பார்த்துத் திரும்பியவன்தான். சென்ற கோடையில் இரண்டாம் முறை அங்கே சென்றபோது, தூணையும் சிங்கங்களையும் கடந்து, சதுக்கத்தின் வடபுறத்தே நீண்ட முகப்பும் நடுவிலே ஒரு கவிந்த மாடமுமாக விளங்கும் தேசிய ஓவியக் கூடத்தை நாடிப் போனேன். ஒரு காலத்தில் அங்கே ஒலித்த சங்கீதத்தின் சுவட்டைத் தேடுவதே என் நோக்கம்.

என்னோடு வந்தவள் என் தங்கையின் மகள். பன்னிரண்டு வயது; லண்டனிலே பிறந்து வளர்பவள். கிழமைதோறும் ஓர் ஆசிரியையிடம் பியானோ பயில்கின்றாள். தாயார் பயிலச் சொல்கிறாள், மகள் இணங்குகிறாள் என்று சொல்வது இன்னும் பொருத்தமாகும். நான் அவர்கள் வீட்டிலே தங்கிய முதல் வாரத்திலேயே, "ஒரே பாடத்தை நூறு முறை வாசித்து என்ன பயன், மாமா? அதைக் கேட்பதற்கு யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டுவிட்டாள். பிள்ளைகள் கேட்கும் கேள்விகளிற் சில, பெரியவர்களை வாயடைக்கச் செய்துவிடும். இதுவும் அத்தகையதே. வாயாற் சொல்ல முடியாத விடையை நடந்து சென்றாவது காட்டலாம் என்று எண்ணி, அவளையும் அழைத்துக்கொண்டு புறப்பட்டேன்.

ஓவியக் கூடத்தினுள்ளே

தேசிய ஓவியக் கூடம் 1838ஆம் ஆண்டு முதல் இச்சதுக்கத்திலே இருந்து வருகின்றது. உள்ளே செல்லக் கட்டணம் இல்லை. செல்வரும் வறியவரும், ஊரவரும் பிற நாட்டவரும் ஒரே வாயிலால் நுழைகின்றனர். பதின்மூன்றாம் நூற்றாண்டு முதலாக ஐரோப்பிய ஓவியர்கள் தீட்டிய சித்திரங்கள் 2,300க்கு மேற்பட்டவை இங்கே உள்ளன. திசியன், ரெம்பிராண்ட், டேர்னர், வான் கோ ஆகியோரின் கைவண்ணத்தைப் பார்த்துக்கொண்டு அறை அறையாக நடந்தால் ஒரு நாள் போதாது.

நாங்கள் தேடிச் சென்ற இடம் கட்டிடத்தின் கீழ்த்திசைப் பகுதியில் உள்ளது. பாரி அறைகள் என்பது அதன் பெயர். எட்வர்ட் பாரி என்னும் கட்டிடக் கலைஞர் அமைக்க, 1876இல் அவை திறக்கப்பட்டன. நடுவிலே எட்டு மூலை கொண்ட மண்டபம். மேலே வெளிச்சம் இறங்கும் உயர்ந்த மாடம். சுற்றிலும் சலவைக்கல் தூண்களும் பொன் பூசிய வேலைப்பாடுகளும். பார்ப்போர் குரலைத் தாழ்த்திப் பேசினும் அக்குரல் மேலே சென்று திரும்பி வருகின்றது.

"இங்கேயா கச்சேரி நடந்தது? படம் பார்க்கும் இடத்தில் எதற்குக் கச்சேரி?" என்றாள் மருமகள்.

"அப்போது இங்கே பார்ப்பதற்குப் படமே இல்லை," என்றேன்.

அவள் வியப்போடு சுவர்களை நோக்கினாள். அங்கிருந்த நீண்ட ஆசனமொன்றில் இருவரும் அமர்ந்தோம். நான் அவளுக்குச் சொல்லிய கதையையே வாசகர்களுக்கும் இங்கே சொல்கின்றேன்.

1939ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாத இறுதி. ஐரோப்பாவிலே யுத்தம் இன்றோ நாளையோ மூளும் என்ற நிலை. லண்டன் மீது குண்டு விழுவது திண்ணம் என்று எல்லாரும் எதிர்பார்த்தனர். ஆகவே, ஏறக்குறையப் பத்து நாட்களுள், கூடத்திலிருந்த ஓவியங்கள் கழற்றிப் பொதி செய்யப்பட்டு வேல்ஸ் பிரதேசத்துக்கு அனுப்பப்பட்டன. முதலிலே அங்குள்ள மாளிகைகளிலும் பல்கலைக்கழகக் கட்டிடத்திலும் அவை வைக்கப்பட்டன. பின்னர் 1941இல், மானோட் என்னும் மலையைக் குடைந்து சிலேட்டுக் கல் எடுத்த சுரங்கத்தினுள்ளே, மலையே காவலாக, அவை பத்திரமாக இருந்தன. செப்டெம்பர் 3ஆம் திகதி யுத்தப் பிரகடனம் வெளியானபோது, தேசிய ஓவியக் கூடம் வெறுஞ் சுவர்களும் வெற்றுச் சட்டங்களும் கொண்ட பாழ் மாளிகையாக நின்றது.

அன்றே நாடகசாலைகள், சினிமாக்கள், சங்கீத மண்டபங்கள் யாவும் மூடப்பட்டன. இரவிலே விளக்கு ஏற்றுதல் கூடாது. பிள்ளைகளிற் பலர் கிராமங்களுக்கு அனுப்பப்பட்டுவிட்டனர். எஞ்சியிருந்த பெரியவர்கள் கந்தோருக்குப் போவதும், இருளிலே தடவிக்கொண்டு வீடு திரும்புவதுமாக இருந்தனர். மனத்துக்கு ஆறுதல் தரும் எதுவும் அந்நகரிலே அப்போது இல்லை.

அந்த நேரத்திலேதான் மைரா ஹெஸ் என்னும் பெண்மணி தேசிய ஓவியக் கூடத்தின் படி ஏறி வந்தார்.

ஐந்து வயதிலே தொடங்கிய பயிற்சி

மைரா ஹெஸ் 1890ஆம் ஆண்டு பெப்ரவரி 25ஆம் திகதி லண்டனிலே ஒரு யூதக் குடும்பத்திற் பிறந்தவர். நான்கு பிள்ளைகளுள் கடைசிப் பிள்ளை. ஐந்து வயதிலே பியானோ கற்கத் தொடங்கினார். கில்ட்ஹோல் இசைக் கல்லூரியிற் பயின்றபின், புலமைப்பரிசில் பெற்று றோயல் இசைக் கழகத்திலே சேர்ந்தார். அங்கே அவருக்கு வாய்த்த ஆசிரியர் டொபியாஸ் மத்தே. பியானோவைத் தொடும் முறை பற்றி ஆராய்ந்து நூல்கள் எழுதிப் பெயர் பெற்றவர் அவர்.

பியானோவைப் பற்றி இங்கே சிறிது சொல்லுதல் வேண்டும். அதிலே கறுப்பும் வெள்ளையுமாக 88 கட்டைகள் உண்டு. கட்டை ஒன்றை அழுத்தியதும், உள்ளே கம்பளி பொதிந்த ஒரு சிறு சுத்தியல் எழுந்து தந்தியை மோதி மீள்கின்றது. மோதிய அக்கணமே ஒலி பிறக்கும். மறுகணம் முதலாக அது தேய்ந்துகொண்டே போகும். வீணையிலே தந்தியை இழுத்துக் கமகம் காட்டலாம். வயலினிலே வில்லை ஓட்டி நாதத்தை வளர்க்கலாம். பியானோவிலே இரண்டும் இயலாது. சுத்தியல் தந்தியை விட்டு நீங்கிய பின்னர் அந்த ஒலியைத் திருத்தவோ வளர்க்கவோ வாசிப்பவருக்கு வழியில்லை. ஆகவே பியானோ பாட வேண்டுமாயின், ஒரு சுரம் முற்றாகத் தேயுமுன் அடுத்த சுரத்தை அதனோடு பொருந்தும் மென்மையிலே பிறப்பிக்க வேண்டும். விரலின் வேகம், கையின் பாரம், காலடி மிதியின் அளவு யாவும் அதற்கு ஒத்துழைக்க வேண்டும். இவற்றோடு, தான் எழுப்பும் ஒலியைத் தானே உற்றுக் கேட்கும் செவியும் வேண்டும். உடலை இறுக்காது, கையின் பாரத்தை அளந்து கட்டையில் இறக்கும் இவ்வித்தையையே மத்தே கற்பித்தார். அதை மைரா ஹெஸ் தம் வாழ்நாள் முழுவதும் போற்றினார். ஒரே பாடத்தை நூறு முறை வாசிப்பதன் காரணமும் இதுவே என்று நான் சொன்னபோது, மருமகள் தன் விரல்களை மடியிலே மெல்ல ஊன்றிப் பார்த்தாள்.

1907இலே, பதினேழு வயதில், லண்டன் குவீன்ஸ் ஹோல் மண்டபத்திலே அவருடைய அரங்கேற்றம் நடைபெற்றது. தோமஸ் பீச்சம் வாத்தியக் குழுவை நடத்த, பீத்தோவனின் நான்காவது பியானோ கொன்சேர்ட்டோவை அவர் வாசித்தார். கேட்டோர் மெச்சினர். ஆயினும் மெச்சுதல் வேறு, பிழைப்பு வேறு அன்றோ? அரங்கேறிய பின்னும் பல ஆண்டுகள் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தே அவர் காலந்தள்ள நேர்ந்தது. 1912இல் ஒல்லாந்து நாட்டின் அம்ஸ்ரடாம் நகரிலே, மெங்கல்பேர்க் நடத்திய குழுவோடு ஷூமனின் கொன்சேர்ட்டோவை வாசித்த பின்னரே வெளிநாட்டிலே அவர் பெயர் பரவத் தொடங்கிற்று. 1922இலே நியூயோர்க் நகரில் முதன்முறை வாசித்தபோது, மண்டபத்திலே ஆட்களைவிட வெற்றாசனங்களே அதிகம். ஆனால் மறுநாட் பத்திரிகைகள் அவரைப் புகழ்ந்தன. அதன்பின் அமெரிக்கா அவரை ஆண்டுதோறும் அழைக்கத் தொடங்கியது.

1926இல் அவர் வெளியிட்ட சிறு படைப்பொன்று அவர் பெயரை வீடுதோறும் கொண்டு சென்றது. ஜேர்மானியப் பெரும் இசைஞரான பாக், தேவாலயத்திலே பாடுவதற்கென இயற்றிய 147ஆம் கந்தாத்தாவிலுள்ள ஒரு பகுதியை அவர் பியானோவுக்கு இசைவாக்கினார். ஓயாது ஓடும் ஓடைபோன்ற ஒரு மெட்டும், அதன் நடுவே நிதானமாக எழுந்து வரும் தோத்திரமும் அதிலே பின்னிக் கிடக்கும். இன்றும் உலகெங்கும் பியானோ பயிலும் பிள்ளைகள் அதைப் பழகுகின்றனர்.

1939ஆம் ஆண்டு இலையுதிர் காலத்திலும் அவர் அமெரிக்கா செல்லவிருந்தார். நல்ல ஊதியம், குண்டு விழாத நாடு, காத்திருக்கும் ரசிகர்கள். அப்பிரயாணத்தை அவர் நிறுத்திவிட்டார். தம் ஊர் மக்கள் இருளிலே இருக்கும்போது தாம் மட்டும் வெளிச்சத்தை நாடிப் போக அவருக்கு மனம் வரவில்லை.

ஒரு ஷிலிங் கச்சேரி

அப்போது ஓவியக் கூடத்தின் பணிப்பாளராக இருந்தவர் கென்னத் கிளார்க் என்னும் கலையறிஞர். அவரிடம் மைரா ஹெஸ் ஒரு வேண்டுகோளை முன்வைத்தார். இரவிலே கச்சேரி நடத்த இயலாது; பகலிலே, மதிய போசன வேளையிலே, இவ்வெறும் மண்டபத்தில் இடையிடையே கச்சேரி வைக்கலாமா என்பதே அவ்வேண்டுகோள். இடையிடையே எதற்கு, தினந்தோறும் வைக்கலாமே என்றார் கிளார்க். ஓவியங்களை இழந்து வெறிச்சோடிக் கிடந்த கூடத்துக்கு ஒரு பயன் கிடைத்ததே என்ற மகிழ்ச்சி அவருக்கு.

1939 ஒக்டோபர் 10ஆம் திகதி, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் ஒரு மணிக்கு முதற் கச்சேரி. கட்டணம் ஒரு ஷிலிங். எத்தனை பேர் வருவார்களென எவருக்கும் தெரியாது. கச்சேரி தோல்வியுற்றால் அப்பழி பிறரைச் சாராதிருக்கட்டும் என்று, அன்று தாமே தனித்து வாசிப்பதென மைரா ஹெஸ் முடிவு செய்தார். சிலர் வந்தாற் போதும் என்றிருந்த இடத்தில், ஏறக்குறைய ஆயிரம் பேர் திரண்டனர். சதுக்கத்திலே வரிசை நீண்டது. கதிரைகள் போதவில்லை. சனங்கள் நிலத்திலே இருந்தும், சுவரோரம் நின்றும் கேட்டனர். ஸ்கார்லாட்டி, பாக், பீத்தோவன், ஷூபர்ட், ஷொப்பான், பிராம்ஸ் என்று வாசித்து, ஈற்றிலே தாம் இசைவாக்கிய பாக்கின் அத்தோத்திரத்தையும் வாசித்தார்.

அன்று தொடங்கியது, திங்கள் முதல் வெள்ளி வரை நாள்தோறும் நடந்தது. வந்தவர் யார்? கந்தோர் எழுதுவினைஞர், தட்டெழுத்துப் பெண்கள், தாதியர், விடுமுறையில் வந்த போர்வீரர், கடைச் சிப்பந்திகள், மாணவர். அதற்கு முன் ஒரு சங்கீத மண்டபத்தை எட்டியும் பாராதவர் அவர்களிற் பலர். மேலங்கியைக் கழற்றாமலே வந்திருந்து, கேட்டுவிட்டு, மீண்டும் வேலைக்கு ஓடினர். பசியோடு வருவோருக்கெனத் தொண்டர் குழுவொன்று அங்கேயே சிற்றுண்டிச்சாலை நடத்திற்று. தேனும் உலர்ந்த திராட்சையும் வைத்த அவர்களுடைய சான்ட்விச் நகரெங்கும் பெயர் பெற்றதாம்.

வாசித்தோருக்கு ஊதியம் சிறிது. உலகப் புகழ் வாய்ந்தவரானாலும், அன்றுதான் அரங்கேறும் இளைஞரானாலும், அளவு ஒன்றே. மைரா ஹெஸ் தமக்கென ஏதும் பெறவில்லை. செலவு போக மிஞ்சிய பணம், தொழிலிழந்து வாடிய இசைக் கலைஞருக்கான உதவி நிதிக்குச் சென்றது. முன்னர் தொலைபேசி நிலையத்திலே பணியாற்றிய கத்லீன் பெரியர் என்னும் பாடகி, 1942 இறுதியிலே இங்கே பாடினார். பின்னர் அவர் உலகமே போற்றும் குரலுக்குரியவரானார்.

நிலவறையில்

1940 செப்டெம்பரிலே லண்டன் மீது விமானத் தாக்குதல் ஆரம்பமாயிற்று. இரவு பகலென்று இல்லாமற் குண்டுகள் விழுந்தன. 1940 ஒக்டோபருக்கும் 1941 ஏப்பிரலுக்கும் இடையிலே ஓவியக் கூடக் கட்டிடத்தின் மீது மட்டும் ஒன்பது முறை குண்டு விழுந்தது. மாடத்தின் கண்ணாடிகள் நொறுங்கின. கச்சேரி நிலவறைக்கு இறங்கியது. தாழ்ந்த கூரை, குளிர், நெருக்கம். ஆயினும் அது நிற்கவில்லை.

வானூர்தியின் இரைச்சல் கேட்டதும் பதுங்குகுழியை நாடி ஓடிய நாட்களை எம்மவரில் அநேகர் அறிவர். அந்நாட்களிலே ஒரு பாட்டைக் கேட்க வீட்டை விட்டுப் புறப்படுதல் என்பது எத்தகைய துணிவு என்பதை அவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஒக்டோபர் மாதத்திலே ஒரு நாள், நேரம் குறித்து வெடிக்கும் குண்டொன்று கட்டிடத்தினுள்ளே புதைந்து கிடப்பது தெரியவந்தது. கச்சேரியை நிறுத்தாமல், தூரத்திலிருந்த வேறோர் அறைக்கு மாற்றினர். நால்வர் இருந்து பீத்தோவனின் தந்தி வாத்திய நால்வரிசை ஒன்றை வாசித்துக்கொண்டிருந்தனர். நடுவிலே அக்குண்டு பேரொலியோடு வெடித்தது. வாசித்த நால்வரும் தந்தியிலிருந்து வில்லை எடுக்கவேயில்லை. சங்கீதம் தொடர்ந்தது.

1941 மே மாதத்திலே குவீன்ஸ் ஹோல் மண்டபம் குண்டுத் தீயில் எரிந்து அழிந்தது. பதினேழு வயதிலே தாம் அரங்கேறிய மண்டபம் சாம்பராகிவிட்ட செய்தியை அறிந்தபோது மைரா ஹெஸ்ஸின் நெஞ்சு என்ன பாடுபட்டிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். அவ்வாண்டே மன்னர் அவருக்கு டேம் என்னும் உயர் பட்டத்தை வழங்கினார். அரசியாரும் கச்சேரி கேட்க வந்தார். 1942இல் வெளியான 'லிசின் ரு பிரிட்டன்' என்ற குறும்படத்தில் அக்காட்சியை இன்றும் காணலாம். விமானப் படையின் வாத்தியக் குழுவோடு மைரா ஹெஸ் மொஸார்ட்டின் கொன்சேர்ட்டோ ஒன்றை வாசிக்கின்றார். அரசியார் மற்றையோர் நடுவே அமர்ந்து கேட்கின்றார்.

சங்கீதத்தைக் கேட்டுப் பழகிய மக்களுக்குச் சித்திரத்தின் மீதும் ஏக்கம் பிறந்தது போலும். 1942 முதலாக, மலைச் சுரங்கத்திலிருந்து மாதமொரு ஓவியம் லண்டனுக்குக் கொண்டுவரப்பட்டது. பகலிலே வெறுஞ் சுவரில் அது தனியே தொங்கும். இரவிலே பாதுகாப்பான இடத்தில் வைக்கப்படும். திசியன் தீட்டிய கிறிஸ்துவும் மரிய மதலேனாளும் உள்ள படம் அவ்வாறு வந்தவற்றுள் ஒன்று.

எதிரியின் இசையா?

இதுவரை அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்த மருமகள் இங்கே குறுக்கிட்டாள்.

"மாமா, பீத்தோவன் ஜேர்மன்காரர் அல்லவா? பாக்கும் ஜேர்மன்காரர்தானே? ஜேர்மனியோடு சண்டை நடக்கும்போது அவர்களுடைய சங்கீதத்தையா வாசித்தார்கள்? யாருக்கும் கோபம் வரவில்லையா?"

இக்கேள்வியை அவள் கேட்பாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இக்கதையின் உயிர்நிலை அதுவே.

மைரா ஹெஸ் யூதப் பெண். ஜேர்மனியை அன்று ஆண்ட ஹிட்லரின் ஆட்சி யூதரைக் கொன்று குவித்துக்கொண்டிருந்தது. யூதர் இயற்றிய சங்கீதத்தை அவ்வாட்சி தன் நாட்டு மேடைகளிலிருந்து விலக்கியது. பீத்தோவனும் பாக்கும் தனக்கே உரியவர் என்று அது மார்தட்டிற்று. வெறுப்பதற்குக் காரணம் வேண்டுமாயின் மைரா ஹெஸ்ஸுக்கு இருந்த காரணத்தைவிடப் பெரிய காரணம் எவருக்கும் இருந்திராது. ஆனால் அவர் நாள்தோறும் அமர்ந்து வாசித்தவையும், பிறரை வாசிக்கச் செய்தவையும் பாக், பீத்தோவன், ஷூமன், பிராம்ஸ் ஆகியோரின் இசையே. ஜேர்மனியிலிருந்தும் ஒஸ்திரியாவிலிருந்தும் தப்பி வந்த கலைஞரும் அம்மேடையிலே வாசித்தனர். ஜேர்மனியிற் பிறந்து லண்டனிலே குடியேறியிருந்த எலேனா கெர்ஹார்ட் என்னும் பாடகி, மைரா ஹெஸ் பக்கத்திலே பியானோ வாசிக்க, ஜேர்மன் மொழியிலேயே பாடினார். மேலே குண்டு போடுவோரின் மொழி அது. ஆயினும் கீழே இருந்தவர்கள் அன்போடு கேட்டனர்.

யுத்தம் மூண்டால் மனிதர் முதலிலே இழப்பது பகுத்தறியும் குணத்தை. எதிரியின் குற்றத்தை எதிரியின் மொழி மீதும், பாட்டு மீதும், பாட்டன் மீதும் ஏற்றிவிடுவது எளிது. பாக் இறந்தது 1750இல். பீத்தோவன் இறந்தது 1827இல். அவர்கள் எவர் மீதும் குண்டு போடவில்லை. அவர்களுடைய இசை அதைக் கேட்டு உள்ளம் நெகிழும் எல்லோருக்கும் உரியது. இதை மைரா ஹெஸ் மேடையேறிப் பிரசங்கம் செய்யவில்லை. பியானோவின் முன் அமர்ந்து வாசித்தார், அவ்வளவே.

"கோபம் வந்தவர்கள் இருந்திருக்கலாம். ஆனால் அடுத்த நாளும் சனங்கள் வந்தார்கள்," என்று மருமகளுக்கு விடை சொன்னேன்.

ஆறரை ஆண்டுகள்

1945இலே யுத்தம் முடிந்தது. ஓவியங்கள் ஒவ்வொன்றாகத் தம் சுவர்களுக்குத் திரும்பின. இடம் வேண்டியிருந்தமையாற் கச்சேரிகள் விடைபெற வேண்டியதாயிற்று. 1946 ஏப்பிரல் 10ஆம் திகதி இறுதிக் கச்சேரி நடைபெற்றது. தொடங்கிய நாளிலிருந்து சரியாக ஆறரை ஆண்டு. நடந்த கச்சேரிகள் 1,698. கேட்டவர் தொகை 824,152. ஒரு கச்சேரிக்குச் சராசரி 485 பேர். ஏறத்தாழ 150 கச்சேரிகளில் மைரா ஹெஸ் தாமே வாசித்தார். மற்றைய நாட்களிலும் யார் வாசிப்பது, எதை வாசிப்பது என்று திட்டமிடும் பொறுப்பை அவர் தாங்கினார்.

யுத்தத்தின் பின் மீண்டும் அமெரிக்கா அவரை வரவேற்றது. 1946இல் நியூயோர்க்கிலே, புகழ்மிக்க தொஸ்கனீனி குழுவை நடத்த, பீத்தோவனின் மூன்றாவது கொன்சேர்ட்டோவை வானொலியில் வாசித்தார். இளைஞர்க்குக் கற்பிப்பதிலும் காலத்தைச் செலவிட்டார்; பின்னாளிலே பெரும் பியானோக் கலைஞராக விளங்கிய ஸ்டீபன் கோவாசெவிச் அவருடைய மாணவர்களுள் ஒருவர். முதுமையிலே நோய் வருத்திற்று. 1961 ஒக்டோபரிலே, லண்டன் றோயல் பெஸ்ரிவல் ஹோல் மண்டபத்தில், ஏட்ரியன் போல்ட் குழுவை நடத்த, மொஸார்ட்டின் கொன்சேர்ட்டோ ஒன்றை வாசித்ததே பொதுமேடையில் அவருடைய கடைசி நிகழ்ச்சி. 1965 நவம்பர் 25ஆம் திகதி அவர் உலக வாழ்வை நீத்தார்.

வைல்ட்வூட் வீதியில்

பிற்பகல் இரண்டு மணியளவில் ஓவியக் கூடத்திலிருந்து வெளியே வந்தோம். படிகளிலே அமர்ந்து பலர் பொதி அவிழ்த்து உண்டுகொண்டிருந்தனர். இடப்பக்கத்திலே, வீதிக்கு அப்பால், சென்ற் மார்ட்டின் தேவாலயம் தெரிந்தது. மதிய வேளைச் சங்கீதத்துக்குப் பெயர் பெற்ற இடங்களுள் அதுவும் ஒன்று. நகரத்தின் நடுவே, உணவு வேளையிலே, உழைப்பவர் வந்திருந்து இசை கேட்கும் வழக்கம் லண்டனிலே இன்னும் அற்றுப்போகவில்லை.

அங்கிருந்து சாரிங் குரொஸ் நிலையத்திலே பாதாள இரயிலேறி, வடக்கே கோல்டர்ஸ் கிறீன் சென்று இறங்கினோம். ஹாம்ஸ்ரெட் தோட்டப் புறநகரின் ஊடாகச் சிறிது தூரம் நடந்தால் வைல்ட்வூட் வீதி வரும். ஒரு பக்கம் வீடுகள், மறு பக்கம் பசும்புல் வெளி. லண்டனிலே பெரியோர் வாழ்ந்த வீடுகளின் சுவரிலே வட்டமான நீலப் பலகை பதிப்பது வழக்கம். மைரா ஹெஸ் வாழ்ந்த வீட்டிலும் அத்தகைய பலகை ஒன்று இருக்கின்றது. பெயரும், பிறந்து இறந்த ஆண்டுகளும், பியானோக் கலைஞர் என்பதும் மட்டுமே அதில் உள்ளன. ஆறரை ஆண்டுக் கதையில் ஒரு சொல்லும் அங்கே இல்லை. அவ்வீட்டிலே இப்போது வாழ்பவர்களுக்கு இடையூறு செய்யாமல், எதிர்ப்புறத்தில் நின்று சிறிது நேரம் பார்த்தோம்.

"எண்ணூற்றிருபத்து நாலாயிரம் பேர்," என்று மருமகள் தனக்குள்ளே சொல்லிக்கொண்டாள். பின்பு என்னை நோக்கி, "அவர் சிறுமியாக இருந்தபோது, அவ்வளவு பேர் கேட்பார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்குமா, மாமா?" என்றாள்.

"தெரிந்திருக்க மாட்டாது. அவரும் உன்னைப்போலவே ஆளில்லாத அறையிலே வாசித்துப் பழகியிருப்பார்," என்றேன்.

திரும்பும் வழியில் அவள் அதிகம் பேசவில்லை. அன்று மாலை, தாயார் சொல்வதற்கு முன்னரே, பியானோவின் மூடியைத் திறந்து அமர்ந்தாள். முந்திய வாரம் சலித்துக்கொண்ட அதே பாடந்தான். ஐந்தாறு முறை தடுக்கிற்று. நிறுத்தி, கையைத் தளர்த்தி, மீண்டும் தொடங்கினாள். நான் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு எழுந்து போக முயன்றேன். அவள் திரும்பிப் பார்த்தாள்.

"இருங்கள், மாமா. கேட்க ஒருவராவது வேண்டாமா?" என்றாள்.

நான் அமர்ந்து கேட்டேன்.